கப்பி விடாத தொட்டி

அந்த அந்துப்பூச்சிக்குத் தமிழில் பெயர் கிடையாது. மலையாளத்திலும் கிடையாது. ஆங்கிலத்தில்கூட யாரும் அதற்கு ஒரு செல்லப்பெயர் வைக்கவில்லை. எப்போதோ யாரோ ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்துவிட்டு எழுதிப்போன லத்தீன் சொற்கள் இரண்டு மட்டும் உண்டு. சிறகை விரித்து உட்கார்ந்தாலும் என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிவிடும். இந்த நகத்தளவு பூச்சிக்காகவா அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் அத்தையின் மானத்தை வாங்கினாய் என்று அம்மா இன்றைக்கும் கேட்பாள். ஆமாம், இதற்காகத்தான். வேறு எதற்காக வாங்குவது? யானைக்காக வரிந்து கட்டிக்கொண்டு நிற்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

அப்போது எனக்குப் பதினொரு வயது. ஆறாம் வகுப்பு. எங்கள் சொந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், குழித்துறைக்கு அருகில். கேரளத்து விழிஞ்ஞத்தில் துறைமுகம் கட்டத் தொடங்கியபோது அப்பாவுக்கு அங்கே கான்கிரீட் மேஸ்திரி வேலை கிடைத்தது. அதனால் வெள்ளாயணிக் காயல் பக்கத்தில் இருந்த அத்தையின் வீட்டுக்கே வந்து சேர்ந்தோம். அத்தை, அப்பாவின் அக்கா. கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்தவள். மாமா இறந்தபின் தனியாகவே இருந்தாள். முன்பாதியில் அவள், பின்பாதியில் நாங்கள். சமையல் மட்டும் ஒன்று.

அத்தை அந்த வார்டின் ஆஷா பணியாளர். கழுத்தில் அட்டை, தோளில் பை, கையில் குடை. எந்த வீட்டில் யாருக்குச் சர்க்கரை, எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி, யார் மாத்திரையைச் சாப்பிடாமல் சன்னல் வழியாக எறிகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் தெருவில் வந்தால் பெரிய மனிதர்கள்கூடக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். எனக்கு அவளைப் பிடிக்காது. பிடிக்காததற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவள் எப்போதும் சரியாகவே இருந்தாள், அவ்வளவுதான்.

ஜூன் மாதத்து மழையில் ஒருநாள் சாயங்காலம், வீட்டின் பின்னால் தனியாக இருந்த குளியலறையின் விளக்கடியில்தான் அதை முதலில் பார்த்தேன். ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சிறகில் தேன் நிறப் பட்டைகள். பின்சிறகின் ஓரத்தில் வரிசையாகக் கரும்புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு வெள்ளிப் பொட்டு. யாரோ பொறுமைசாலி உட்கார்ந்து ஜரிகை வைத்துத் தைத்ததுபோல இருந்தது. சோப்புக் கையோடு ஓடிப்போய் அம்மாவின் போனை எடுத்து வந்து படம் பிடித்தேன். போன் நனைந்ததற்கு வாங்கியது தனிக்கதை.

படம் போட்டால் பூச்சி புழுக்களின் பெயரைச் சொல்கிற ஒரு இணையதளம் உண்டு. எங்கெங்கோ இருக்கிற முன்பின் தெரியாதவர்கள் வந்து இது இன்னது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு நாள் கழித்து ஒருவர் பதில் எழுதியிருந்தார். அந்த லத்தீன் பெயர், பிறகு மூன்று வரி. இதன் சொந்தக்காரப் பூச்சிகளின் புழுக்கள் நீருக்குள் வாழ்பவை. இதைப் பற்றி அதிகம் தெரியாது. இதன் புழுவை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

அகராதியை வைத்துக்கொண்டு அந்தக் கடைசி வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அதுவரை எனக்குத் தெரிந்த உலகத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பாடப் புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்தது, டீச்சரின் கையேட்டில் இருந்தது, எதிலும் இல்லாவிட்டால் அத்தையிடம் இருந்தது. பெரியவர்கள் முழுசாகக் கையை விரித்துவிட்ட ஒரு கேள்வி, எங்கள் குளியலறைச் சுவரில் வந்து உட்கார்ந்திருக்கிறது! சொந்தக்காரர்களெல்லாம் தண்ணீரில் என்றால் இதுவும் தண்ணீரில்தானே இருக்கும்? அப்புறம் என்ன, தண்ணீரில் தேடினால் கிடைத்துவிடும். பதினொரு வயதுக்கு அது நல்ல தர்க்கம். இப்போதும் அது மோசமான தர்க்கம் இல்லை. போதாத தர்க்கம், அவ்வளவுதான்.

அடுத்த நாள் வகுப்பில் சுவாசம் பற்றிய பாடம். எழுந்து நின்று, நீருக்குள் மூச்சு விடுகிற அந்துப்பூச்சிப் புழு ஒன்று உண்டு டீச்சர் என்று மலையாளத்தில் சொன்னேன். சயின்ஸ் டீச்சர் நல்லவர். அவசரமாகப் பாடத்தை முடிக்க வேண்டியிருந்த நல்லவர்.

“புழு வெள்ளத்தில் வீணால் சத்துபோகும் மோளே. இரி.”

தண்ணீரில் விழுந்தால் செத்துப்போகுமாம். உட்காரவாம். நான் உட்காரவில்லை.

“சாகாது டீச்சர். நான் கொண்டுவந்து காட்டுறேன்.”

“எப்போழ்?”

“ஒரு மாசத்தில.”

வகுப்பே சிரித்தது. மத்தியானத்துக்குள் எனக்கு ‘முங்கிப்புழு’ என்று பெயர் விழுந்துவிட்டது. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனால் பின்னாலிருந்து, “முங்கிப்புழுவே, மூச்சு விடு, மூச்சு விடு” என்று ஒரு கூட்டம் கத்தும். கத்தட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னும் முப்பது நாள் இருந்தது.

அப்பாவிடம் தொட்டி கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் வாங்கித் தருகிற ஒரே ஆள் அவர்தான். வேலை நடக்கிற இடத்தில் ஓட்டை விழுந்து ஒதுக்கியிருந்த நீல பிளாஸ்டிக் டிரம் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஓட்டை இல்லாத பாதியை அறுத்து பைக்கின் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை முடிந்ததும், சபைக்குப் போன அதே உடுப்போடு இரண்டு பேரும் காயலுக்குப் போனோம். ஆம்பல் கொடிகளை வேரும் சேறுமாகப் பிடுங்கி, இரண்டு குடம் காயல் தண்ணீரும் எடுத்து வந்தோம். குளியலறைக்குப் பக்கத்தில், பூச்சிக்கு வசதியாக, தொட்டியை வைத்தேன். அது வந்து முட்டையிடும். முட்டையிலிருந்து புழு வரும். உலகத்தில் யாரும் பார்க்காத புழு.

இங்கேதான் அத்தை குறுக்கே வந்தாள்.

எங்கள் பக்கத்தில் மழைக்காலம் வந்தால் வாரத்தில் மூன்று நாள் டிரை டே. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடங்களில், சனிக்கிழமை ஆபீசுகளில், ஞாயிற்றுக்கிழமை வீடுகளில். தேங்கி நிற்கிற தண்ணீரையெல்லாம் கவிழ்த்துவிட வேண்டும். கொசு முட்டையிட இடம் இருக்கக் கூடாது. சிரட்டை, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தட்டு வரை எதுவும் அத்தையின் கண்ணுக்குத் தப்பாது. கொசுப்புழுவை அங்கே கூத்தாடி என்பார்கள். தண்ணீரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளியும். கூத்தாடியைக் கண்டால் அத்தை பேசமாட்டாள். கவிழ்ப்பாள், வெயிலைப் பார்க்கத் திருப்பி வைப்பாள், அடுத்த வீட்டுக்குப் போவாள். முந்தின வருஷம் அவள் வாராவாரம் போய்ப் பார்த்துவந்த ஒரு கர்ப்பிணிக்கு டெங்கு வந்தது. தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் பதினொரு வயதில் தெரிந்துவைத்திருப்பது என்பது, ஒரு நாட்டின் தலைநகரத்தைத் தெரிந்துவைத்திருப்பது மாதிரிதான்.

ஊர் முழுக்கக் கவிழ்த்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்த அத்தை, கொல்லையில் ததும்பத் ததும்ப நின்ற தொட்டியைப் பார்த்தாள்.

“இதென்னட்டி?”

“தொட்டி.”

“அது தெரியுது. கவுத்திரு.”

“மாட்டேன்.”

“ஊருக்கெல்லாம் கவுத்தச் சொல்லிட்டு எனக்க வீட்டுக் கொல்லையில நானே கொசு வளக்கவா? எந்திரி, மாறு.”

நான் எழுந்திருக்கவில்லை. தொட்டியின் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விஷயத்தை முழுசாகச் சொன்னேன். இணையதளம், லத்தீன், சொந்தக்காரர்கள், யாரும் பார்க்காத புழு, டீச்சர், முங்கிப்புழு. அத்தை குடையை மடக்கிக்கொண்டு கேட்டாள்.

“ஒரு விட்டிலுக்கா இம்புட்டும்?” என்றாள் கடைசியில்.

“விட்டில் இல்ல, அந்துப்பூச்சி.”

“எதுவானாலும். அது கடிச்சா சாவு வராது. கொசு கடிச்சா வரும், கேட்டியா?”

அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “விடுங்க மதினி, நாலு நாள்ல அவளே மறந்துருவா” என்றாள். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. மறக்கிற ஆளா நான்?

கடைசியில் ஒரு ஒப்பந்தம் ஆயிற்று. தினமும் சாயங்காலம் தேயிலை வடிகட்டியால் தொட்டியை அலசி, கூத்தாடி இருந்தால் எடுத்து மண்ணில் கொட்ட வேண்டும். ஒரு வாரம் அத்தை பார்ப்பாள். ஒரு வாரம் கழித்து அவள் வழி.

ஒரு வாரம் ஒழுங்காக வடித்தேன். முதல் இரண்டு நாள் நிறைய வந்தது. பிறகு குறைந்தது, பிறகு அநேகமாக இல்லை. என் திறமையைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. ஒரு குளத்தையே என் கையில் கொடுத்தாலும் கொசு இல்லாமல் வைத்துவிடுவேன் என்று அப்பாவிடம் பீற்றிக்கொண்டேன்.

எட்டாம் நாள் அத்தை ஒரு பாலித்தீன் பையில் தண்ணீரும் அதில் பத்துப் பதினைந்து கப்பி மீன்களுமாக வந்தாள். கப்பி கூத்தாடியைத் தின்னும். கிணறு, தொட்டி என்று கவிழ்க்க முடியாத இடங்களில் விடுவதற்காகச் சுகாதார நிலையத்திலேயே வளர்த்துக் கொடுப்பார்கள். கப்பி விட்ட தொட்டியை யாரும் கவிழ்க்கச் சொல்லமாட்டார்கள்.

“இத விட்டுரு. பின்னே உனக்க தொட்டியத் தொட மாட்டேன்,” என்றாள்.

அவள் எனக்குக் கொடுத்ததிலேயே பெரிய பரிசு அது. ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கூத்தாடியைத் தின்கிற மீன் என் புழுவைத் தின்னாதா? மீன் லத்தீன் பார்த்தா தின்னும்? இது அத்தையின் தந்திரம் என்று முடிவுகட்டினேன். தொட்டியை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைத் தீர்த்துக்கட்டப் பார்க்கிறாள். சரி அத்தை என்று தலையாட்டிவிட்டு, அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு போய் மீன்களைக் காயலில் விட்டுவிட்டேன். இந்தக் கதையில் எனக்கு உண்மையிலேயே உறுத்துவது அதுதான். வெளியூர் மீனை நல்ல காயலில் கொண்டு விட்டவள் நான். இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் ஒரு மணி நேரம் நின்று திட்டுவேன்.

மூன்றாவது வாரம் அது நடந்தது. சாயங்காலம் வடிகட்டியோடு குனிந்தபோது, ஒரு ஆம்பல் இலையின் ஓரத்தில் நீள்வட்டமாக ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. கத்தரிக்கோலால் வெட்டியதுபோல அவ்வளவு சுத்தமாக. பக்கத்தில் இன்னொரு துண்டும் இல்லை. தேடினேன். அதே அளவு இரண்டு துண்டுகள், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, இலையின் அடிப்பக்கத்தில் இருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஒட்டுத்துண்டு நகர்ந்தது. நடுவிலிருந்து ஒரு சின்ன மஞ்சள் தலை வெளியே வந்து, இலையைக் கவ்வி, தன் வீட்டையும் இழுத்துக்கொண்டு ஒரு அடி வைத்தது. தண்ணீருக்குள். சாகாமல்.

நான் போட்ட கத்தலில் அம்மா பாம்பு என்று நினைத்துத் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். அப்பா வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் முட்டிபோட்டுப் பார்த்தார். “இலையையே போர்வையாட்டுப் போத்திக்கிட்டுப் போவுதே!” என்று மூன்று தடவை சொன்னார். மொத்தம் நான்கு புழுக்கள் இருந்தன. அத்தை மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

“இதுதானா அது?”

“இதுதான்.”

“எப்பிடித் தெரியும்?”

“தெரியும்.”

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தொட்டியில் கப்பி எங்கே என்று கேட்கவில்லை. நல்லவேளை, கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாவது வாரம் மூன்று புழுக்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. மிஞ்சிய ஒன்று வியாழக்கிழமை நடப்பதை நிறுத்திவிட்டது. இலைக்கூட்டை ஒரு இலையின் அடியில் அசையாமல் ஒட்டிவைத்துக்கொண்டு உள்ளேயே அடங்கிவிட்டது. கூட்டுப்புழு ஆகிறது. இரண்டு மூன்று நாளில் சிறகோடு வரும், வெள்ளிப் பொட்டு வைத்த சிறகோடு. திங்கட்கிழமை டீச்சரிடம் சொன்ன கெடு. எல்லாம் கச்சிதமாக அமைந்ததுபோல இருந்தது.

அந்த வாரம் வார்டில் மூன்று பேருக்குக் காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை டிரை டேக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டரே வருகிறார் என்றார்கள். அத்தை விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டாள். சபைக்குக்கூட வரவில்லை. எங்கள் வீடு தெருவின் தொடக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் பதினோரு மணி வரை அவர்கள் வரவில்லை. அத்தை எங்கள் வீட்டைக் கடைசியில் வைத்திருந்தாள். எல்லோரும் களைத்துப்போய், வெயில் ஏறி, யாராவது டீ என்று முனகத் தொடங்குகிற நேரத்தில்.

இன்ஸ்பெக்டர், வார்டு மெம்பர், குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் ஏழெட்டுப் பேர், வேடிக்கை பார்க்கத் தெருப்பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் என் வகுப்பு ஆட்கள் இரண்டு பேர். கொல்லைக்கு வந்ததும் இன்ஸ்பெக்டரின் கண் நேராகத் தொட்டிக்குத்தான் போனது.

“இது எந்தா சேச்சி?” என்றார் அத்தையிடம்.

அத்தை ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “கப்பி இட்டிட்டுண்டு சாரே.”

கப்பி விட்டிருக்கிறது. அவர் தலையாட்டினார். வேறு யார் சொல்லியிருந்தாலும் குனிந்து பார்த்திருப்பார். அத்தை சொன்னதால் பார்க்கவில்லை. கூட்டம் திரும்பத் தொடங்கியது. வாசலில் அம்மா டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த நொடியில் நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். என் வகுப்புப் பிள்ளைகளில் ஒருவன் மற்றவனிடம், “கப்பித்தொட்டியாடா, இதுக்குத்தானா இந்தப் பீத்தல்” என்று மெல்லச் சிரித்தான். ஒரு மாதம் காவல் காத்த என் தொட்டி கப்பித்தொட்டியாம்! அதைவிட, அத்தை சொன்னது தப்பு. எப்போதும் சரியாக இருக்கிற அத்தை, அத்தனை பேர் முன்னால் ஒரு தப்பான தகவலைச் சொல்லிவிட்டாள். திருத்தக் கிடைத்த சந்தர்ப்பத்தை விட எனக்கு மனம் வரவில்லை.

“கப்பி இல்ல சார்!” என்று எல்லோருக்கும் புரிகிற மாதிரி மலையாளத்தில் கத்தினேன். “ஒண்ணுகூட இல்ல. எல்லாத்தையும் நான் காயல்ல விட்டுட்டேன். இது மீன்தொட்டியே இல்ல, அந்துப்பூச்சிக்க தொட்டி. உள்ள ஒரு கூட்டுப்புழு இருக்கு, இதை இதுவரைக்கும் உலகத்தில யாரும் பாத்ததில்ல.”

இன்ஸ்பெக்டர் அத்தையைப் பார்த்தார். அத்தை தொட்டியைப் பார்த்தாள். அவர் பையிலிருந்து வெள்ளைக் கரண்டியை எடுத்துத் தொட்டியில் மெல்ல அமிழ்த்தி, மொண்டு, வெளிச்சத்துக்குக் காட்டினார். கரண்டியில் மூன்று கூத்தாடிகள் தலைகீழாக ஆடிக்கொண்டிருந்தன. நேற்று சாயங்காலம் நான் வடித்தபோது இல்லாதவை.

“சேச்சீ,” என்றார் இன்ஸ்பெக்டர். திட்டவில்லை. அப்படிக் கூப்பிட்டார், அவ்வளவுதான்.

அத்தை குடையைக் குளியலறைச் சுவரில் சாத்தினாள். புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகினாள். தொட்டியின் விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்து ஒரே தூக்கில் கவிழ்த்தாள். ஒரு மாதத்துத் தண்ணீர் கொல்லை முழுக்க ஓடி, எல்லோருடைய செருப்பையும் நனைத்துக்கொண்டு சாக்கடைக்குப் போனது. நான் சேற்றில் விழுந்து இலை இலையாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். அழுதேனா என்று கேட்காதீர்கள். கத்தினேன் என்பது நிச்சயம். “கொலைகாரி” என்றும் ஒரு சொல் சொன்னதாக அம்மா சொல்வாள். எனக்கு நினைவில்லை. சொல்லியிருப்பேன்.

மேலே அவர்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நோட்டீஸ் எழுத வேண்டாம், நம்ம சேச்சி வீடுதானே என்று வார்டு மெம்பர் சொன்னார். அத்தை மலையாளத்தில் நிதானமாகப் பதில் சொன்னாள். காலையிலிருந்து நான்கு வீட்டுக்கு எழுதியிருக்கிறது, ஐந்தாவது இது, எழுதிக்கொள்ளுங்கள். இன்ஸ்பெக்டரிடமே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். டீயை யாரும் குடிக்கவில்லை.

கூட்டுப்புழு ஒட்டியிருந்த இலை கிடைத்தது. சேற்றைக் கழுவி, ஈரப்பஞ்சு வைத்து, என் சாப்பாட்டு டப்பாவில் மூடி வைத்தேன். மூடியில் ஆணியால் ஓட்டை போட்டபோது அம்மா வந்து பக்கத்தில் நின்றாள்.

“மீன் இல்லேன்னு அத்தைக்குத் தெரியாதுன்னா நினைச்ச?”

“தெரிஞ்சா ஏன் பொய் சொல்லணும்?”

“தெனம் காலையில அஞ்சு மணிக்கு வடிகட்டிய வச்சுக்கிட்டு உனக்க தொட்டியில நின்னது பின்னே யாரு? நீ வடிச்சதிலயா கூத்தாடி போச்சு? இன்னைக்குச் சீக்கிரம் போய்ட்டாவ, வடிக்க நேரமில்ல.”

ஆணியை ஓங்கி ஒரு அடி அடித்தேன். “நான் வடிக்கச் சொன்னேனா? பொய் சொல்லச் சொன்னேனா?” என்றேன். அம்மா ஒரு அறை தந்திருக்கலாம். அதையும் தராமல் போய்விட்டாள்.

திங்கட்கிழமை முதல் பீரியடில் டப்பாவோடு எழுந்து நின்றேன். என் வகுப்பு ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைக் கதையை ஏற்கெனவே பள்ளி முழுக்கப் பரப்பியிருந்தார்கள். டீச்சர் மூடியைத் திறந்தார். இலையின் மேல், காலி இலைக்கூட்டுக்குப் பக்கத்தில், இரவோடு இரவாக வெளியே வந்த அந்துப்பூச்சி சிறகு காய்ந்து உட்கார்ந்திருந்தது. டீச்சர் கூட்டைத் தூக்கிப் பார்த்தார், இரண்டு இலைத் துண்டுகளையும் பிரித்துப் பார்த்தார். எப்படி, எங்கே, எத்தனை நாள் தண்ணீரில் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு வகுப்பைப் பார்த்துத் திரும்பி, “எனிக்கு தெற்றிப்போயி” என்றார். தப்பு அவருடையதாம். அதை ஆறாம் வகுப்பு முன்னால் சொல்ல ஒரு டீச்சருக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது எனக்கு இப்போது தெரியும். எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டி முடியும் வரைகூட நான் காத்திருக்கவில்லை. டப்பாவுக்குள் இருந்த பூச்சி வெள்ளையாக இருந்தது. மெல்லிய பழுப்புக் கோடுகள் இருந்தன. ஆனால் பின்சிறகின் ஓரத்தில் புள்ளி வரிசை இல்லை. வெள்ளிப் பொட்டு இல்லை.

“டீச்சர், ஆனா இது அது இல்ல,” என்றேன். “இது அதுக்குச் சொந்தக்காரப் பூச்சி. சாதாரணமா எல்லா ஆம்பல்லயும் இருக்கிறது, அந்த இணையதளத்தில படம் பாத்திருக்கேன். காயல்லருந்து இலையோட வந்திருக்கும். அதோட புழுவ நான் பாக்கல.”

மறுபடி சிரிப்பு. டீச்சரே சிரித்துவிட்டார். ஜெயித்த ஆட்டத்தை நானே கலைத்ததுபோல எல்லோருக்கும் தோன்றியது. மத்தியானத்துக்குள் முங்கிப்புழு மீண்டும் முங்கிப்புழு ஆனாள். எனக்கு வருத்தமில்லை. இல்லாததை இருக்கிறது என்று சொல்லிக் கைதட்டு வாங்க நான் என்ன கப்பித்தொட்டியா?

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அத்தையோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். அது பிறகு ஓணம் வரை நீடித்தது. அவள் முன்னறையில் தடுப்பூசி நோட்டுகளை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அம்மாவிடம் சொல்கிற சாக்கில், முன்னறை வரை கேட்கும்படி, நடந்ததை எல்லாம் சொன்னேன். டீச்சர் தப்பை ஒத்துக்கொண்டது. அது வேறு பூச்சி என்பது. நான் உண்மையைச் சொன்னது. உண்மை என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னேன்.

என் அறைக்குள் போய்ப் புத்தகப் பையை எறிந்தபோது, அத்தை கதவருகில் வந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

“அப்போ அதுக்க புழு எங்கதான் மக்களே கெடக்குது?” என்றாள்.

டீச்சர் அதைக் கேட்கவில்லை. கை தட்டியவர்கள் கேட்கவில்லை. அந்த இணையதளத்துக்காரர்கள் கேட்கவில்லை. விலங்கியல் படித்து, மழைக்காலத்தில் ஓடைகளில் இறங்கிக் கல் கல்லாகப் புரட்டுகிற இந்த வயதில்கூட, என்னிடம் வேலை எப்போது கிடைக்கும் என்று கேட்கிறவர்கள்தான் அதிகம். அந்தப் புழு எங்கே என்பதை இன்னும் நான் கண்டுபிடிக்கவில்லை. வேறு யாரும் கண்டுபிடித்ததாகவும் தெரியவில்லை. கண்டுபிடிப்பேன்.

ஆனால் அன்றைக்கு எனக்கு அது கேலியாகப் பட்டது. தோற்றுப்போனவளை இன்னொரு தடவை குத்துகிறாள் என்று தோன்றியது. “உங்ககிட்ட சொல்ல மாட்டேன்,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

முன்னறை விளக்கின் வெளிச்சம் கதவின் அடியில் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டில் இரண்டு கால்களின் நிழல். அவை உடனே போகவில்லை. நான் பையைத் திறந்து, புத்தகங்களை எடுத்து, ஈர டப்பாவைத் துடைத்து சன்னலில் வைக்கும் வரை அங்கேயே இருந்தன. திட்டுவதென்றால் திட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே, எதற்கு இப்படி நிற்கிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.